நான் ஓட்டுனா நிக்காது

எல்லாரும் கேக்குறதத்தான் தம்பி நீங்களும் கேக்குறீங்க. மலை ஏறுறப்ப நிக்குமா? நிக்காது. இப்ப நிக்காது. நம்பிக்கை இல்லைன்னா ஏறி ஒக்காருங்க, பெரிய ஏத்தம் வரைக்கும் ஓட்டிக் காட்டுறேன். பெட்ரோல் வண்டி, கார்ப்பரேட்டர் வச்ச பழைய பிக்கப்பு. எஸ்டேட்டுல ஓடுன வண்டிய நான் பாத்து வாங்குனேன். பாடியத் தட்டிப் பாருங்க, அந்தக் காலத்துத் தகரம்.

இதுக்கு முன்னாடி நின்னுருக்கான்னு கேட்டா, நின்னுருக்கு. அத மறைக்க மாட்டேன். கீழ கடையில விசாரிச்சீங்கன்னா வேற மாதிரி சொல்லுவாய்ங்க. வீரணன் வண்டியா, அது ஒருத்தன் கால வாங்குன வண்டியாச்சேன்னு சொல்லுவாய்ங்க. அதான் நானே சொல்லிர்றேன். வண்டிய வாங்குறவரு முழுசாத் தெரிஞ்சு வாங்கிட்டுப் போங்க. அந்தப் பலகையில ஒக்காருங்க.

எனக்கு ஒரே தங்கச்சி. பஞ்சவர்ணம்னு பேரு. அப்பன் ஆத்தா சீக்கிரம் போயிட்டாங்க, நான்தான் அவள வளத்தேன், நான்தான் மாப்பிள்ளை பாத்துக் கட்டிக்குடுத்தேன். மாப்பிள்ளை தவசிக்கு நெலக்கோட்டைப் பக்கம். லாரி ஓட்டிக்கிட்டு வடக்க எங்கயோ சுத்திக்கிட்டுக் கெடந்தாரு. மாசக்கணக்கா வீட்டுக்கு வர மாட்டாரு. எதுக்குங்க அந்தப் பொழப்பு? நான்தான் சொன்னேன், வாங்க மாப்ள, மேல வந்துருங்க, நம்ம வண்டி இருக்கு, நம்ம தோட்டம் இருக்கு, காப்பியும் மெளகும் வாழைக்காயும் எறக்கிக் குடுத்துட்டு ஏத்திக்கிட்டு வாங்கன்னு. எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே வீடு குடுத்தேன். இந்தா, இந்த வீடுதான். இப்ப உர மூட்டை போட்டு வச்சிருக்கேன்.

ஆளு நல்ல ஆளுதான். அதிகம் பேச மாட்டாரு. அதுதான் எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி. பேசாத ஆளு மனசுல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? ஆனா நான் யாரையும் சந்தேகப்படுற ஆளு இல்ல தம்பி. ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க.

அந்த வருசம் ஆடிச் சாரலுக்குப் பெறகு வண்டி பெட்ரோல அதிகமாக் குடிக்க ஆரம்பிச்சுச்சு. வழக்கமா ஊத்துற அளவு பத்தல. மலையில பங்க் கெடையாது. நான் கீழ இருந்து கேன்ல வாங்கியாந்து வச்சு, நானே அளந்து ஊத்துவேன். அதனால கொறையிறது எனக்குத்தான் தெரியும். எங்க போகுது? வண்டி ராத்திரியெல்லாம் ரோட்டோரம் நிக்கிது. டியூப்ப விட்டு உறிஞ்சுனா யாருக்குத் தெரியும்? நான் தவசியச் சொல்லல. பொதுவாச் சொல்றேன். யாரோ எடுக்குறாய்ங்கன்னுதான் நெனச்சேன்.

திண்டுக்கல் போயி ஒரு பூட்டு மூடி வாங்கியாந்தேன். டேங்குக்குப் போடுற மூடி. ஏதோ வேற வண்டி மூடிதான், ஆனா இதுக்குப் பொருந்துச்சு. ரப்பர் வாசர் ஒன்னு சேத்துப் போட்டு முறுக்குனா, ஒரு சொட்டு வாசம் கூட வெளிய வராது. அம்புட்டு இறுக்கம். ரெண்டு சாவி குடுத்தாய்ங்க. ஒன்னு பீரோவுல. ஒன்னு இந்த அரைஞாண் கயித்துல.

அது போட்டுக் கொஞ்ச நாள்தான் இருக்கும், வண்டி நிக்க ஆரம்பிச்சுச்சு.

காலையில எறங்குறப்ப ஒன்னும் இல்ல. வத்தலக்குண்டுல சரக்க எறக்கிட்டு, அரிசி, உரம், சாமான் செட்டு ஏத்திக்கிட்டு வர்றப்ப, பெரிய ஏத்தத்துல வந்து இருமும். ரெண்டு குலுக்கு குலுக்கும். நின்னுரும். அரை மணி, முக்கா மணி சும்மா நிக்க விட்டா மறுபடி கெளம்பும். கொஞ்ச தூரம் போயித் திரும்ப நிக்கும். பொழுது சாயத்தான் வீட்டுக்கு வருவாரு.

நான் சும்மா இருக்கல. கார்ப்பரேட்டரக் கழட்டி ஊதச் சொன்னேன். ஊதுனாரு. ஜெட்டு ஓட்டையெல்லாம் சுத்தம். பில்டர் புதுசு போட்டோம். இஞ்சின் சூட்டுல பெட்ரோல் ஆவியாயிருதோன்னு பம்பு மேல ஈரச் சாக்கு சுத்தி விட்டோம். அதுக்கும் நின்னுச்சு. பம்பையே மாத்தி புதுசு போட்டேன். நாலு நாள் பாத்தேன். நின்னுச்சு.

ஆனா தம்பி, இதத்தான் நீங்க கவனிக்கணும். நான் ஓட்டுனா நிக்காது. தோட்டத்துக்குப் போவேன், ரேசன் கடைக்குப் போவேன், பக்கத்து ஊருக்குப் போவேன். கெளம்புறதுக்கு முன்னாடி மூடியத் தொறந்து குச்சி விட்டு பெட்ரோல் அளவு பாப்பேன், ஏறி ஒக்காந்தா வண்டி கிளி மாதிரிப் போகும். ஒரு தடவ நிக்கலை.

சரி, கூடப் போயே பாத்துருவோம்னு ஒரு நாள் மாப்பிள்ளை கூடவே ஒக்காந்து வத்தலக்குண்டு போயிட்டு வந்தேன். அவருதான் ஓட்டுனாரு. கீழ ஒரு தடவ, பாதி ஏத்தத்துல ஒரு தடவ எறங்கி மூடியத் தொறந்து பெட்ரோல் பாத்துக்கிட்டேன். வண்டி நின்னுச்சா? நிக்கலை! வீட்டு வாசல்ல வந்துதான் நின்னுச்சு.

நீங்களா இருந்தா என்ன நெனப்பீங்க?

அன்னிக்குச் சாயங்காலம் அவரு என்கிட்ட வந்தாரு. "மச்சான், அந்த இன்னொரு சாவிய என்கிட்ட குடுங்க. வழியில நின்னா டேங்கத் தொறந்து பாக்கக்கூட வழி இல்ல."

எனக்குச் சுருக்குன்னுச்சு. பம்பு கேக்கல, பில்டர் கேக்கல, சாவி கேக்குறாரு. "டேங்குல என்ன இருக்கு மாப்ள பாக்குறதுக்கு? நான் அளந்துதான் ஊத்துறேன்"னேன். அவரு என் மொகத்தையே பாத்தாரு. அப்பறம், "சரி மச்சான்"னுட்டுப் போயிட்டாரு. மறுபடி கேக்கலை. நெசமாத் தேவைன்னா ஒருத்தன் ரெண்டாந்தடவ கேக்க மாட்டானா?

அப்பறம்தான் எனக்கு இன்னொன்னு பொறி தட்டுச்சு. வண்டி நிக்கிறது பெரும்பாலும் ஒரே வளைவு. மூணாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஒரு எடம். அங்க ஒரு டீக்கடை இருக்கு. அந்தக் கடையில ஒரு பொம்பள, மரகதம்னு. புருசன் கேரளாவுல எங்கயோ வேலை பாக்குறான்.

நான் தப்பா எதுவும் சொல்லல தம்பி. பஞ்சவர்ணத்துக்கிட்ட போயி, "ஏத்தா, வண்டி அந்த வளைவுலதான் நிக்கிது. அங்க ஒரு டீக்கடை இருக்கு. கடையில ஒரு பொம்பள இருக்கா"ன்னேன். அம்புட்டுத்தான். மூணும் உண்மைதான? நான் ஏதாச்சும் இட்டுக்கட்டுனேனா?

அவ கையில பிள்ளை இருந்துச்சு. கவியரசன், அப்ப தவழுற வயசு. அவனத் தோள்ல போட்டுக்கிட்டு, "நீ என்ன சொல்ல வர்றண்ணே?"ன்னா.

"நான் ஒன்னும் சொல்லல. நீ ஒரு தடவ கூடப் போயிட்டு வா. வத்தலக்குண்டுல ஏதாச்சும் வாங்கணும்னு சொல்லு."

ரெண்டு நாள் அவ யோசிச்சா. கண்ணெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. அப்பறம் பிள்ளைய என் வீட்டுக்காரிகிட்ட விட்டுட்டு, வண்டியில ஏறிப் போனா.

அன்னிக்கு மதியம் தாண்டி, பஸ்ஸு மேல வந்துச்சு. கண்டக்டரு எங்க வீட்டு வாசல்ல நிப்பாட்டச் சொல்லி எறங்கி வந்தாரு. "அண்ணே, ஒங்க வண்டி ஏத்தத்துல நிக்கிது. ஒங்க மாப்பிள்ளை காலுல டயர் ஏறிருச்சு. சீக்கிரம் போங்க."

நான் மொபெட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். என்ன நடந்துச்சுன்னா, வண்டி வளைவுல நின்னுருக்கு. உர மூட்டை லோடு. இதுல கைப் பிரேக்கு லோடுக்குத் தாங்காது. கியர்ல போட்டாலும் மெதுவா நழுவும். தனியா வர்றப்பல்லாம் எப்படியோ பாறைப் பக்கம் ஒடிச்சுச் சாச்சு நிப்பாட்டிக்கிருவாராம். அன்னிக்குப் பக்கத்துல பொண்டாட்டி இருக்கவும், "நீ இந்தப் பிரேக்க மிதிச்சுக்கிட்டு இரு, நான் டயருக்குக் கல்லு வச்சுட்டு வர்றேன்"னு எறங்கிருக்காரு. அவளுக்கு என்ன தெரியும் பிரேக்கும் கிளச்சும்? கால் வழுக்கிருச்சு. கல்ல வைக்கக் குனிஞ்சவரு பாதத்து மேல பின் டயர் ஏறி எறங்கிருச்சு. வண்டி பாறையில முட்டி நின்னுருக்கு. அந்தப் பக்கம் போயிருந்தா ரெண்டு பேரையும் பள்ளத்துல தேடிருக்கணும்.

நான் போறப்ப அவரு ரோட்டுல ஒக்காந்துருந்தாரு. டீக்கடைக்காரி மரகதம் தன்னோட சேலையக் கிழிச்சுக் காலைச் சுத்திக் கட்டிருந்தா. துணியெல்லாம் செவப்பு. பஞ்சவர்ணம் அவரு தலைய மடியில வச்சுக்கிட்டு என்னப் பாத்தா. அவ என்ன அப்படிப் பாத்து நான் பாத்ததில்ல.

அந்தக் கடைக்காரி எதுக்குச் சேலையக் கிழிக்கணும்? கடையில சாக்கு இல்லையா, துண்டு இல்லையா? இதையும் நான் அப்ப யாருகிட்டயும் கேக்கலை. ஒங்ககிட்டச் சொல்றேன்.

ஆஸ்பத்திரி கீழதான். வேற வண்டி கண்ணுக்கு எட்டுன வரைக்கும் இல்ல. இந்த வண்டியத்தான் கெளப்பணும். அதனால நான் நேரா டேங்குகிட்டப் போனேன். பெட்ரோல் இருக்கா இல்லையான்னு தெரியணும்ல?

"அண்ணே, கால வந்து பாருண்ணே. மொதல்ல கால வந்து பாரு"ன்னு கத்துனா.

"இருத்தா, பெட்ரோல் இருந்தாத்தான வண்டி கெளம்பும்"னுட்டுச் சாவிய எடுத்து மூடியத் தொறந்தேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம். குச்சிய விட்டுப் பாத்தேன். பாதி டேங்க் இருந்துச்சு. ஏறி ஒக்காந்து சாவியத் திருப்பி ரெண்டு சுத்து சுத்துனேன், பிடிச்சுக்கிச்சு. இஞ்சின் சீரா ஓடுது.

வாய் சும்மா இருக்காதுல்ல, வந்துருச்சு. "பாத்தியாத்தா? நான் வந்தா ஓடுது"ன்னேன்.

அவ அவரு மொகத்த முந்தானையால தொடச்சா. அவருக்குப் பல்லு கிட்டிச்சுப் போச்சு வலியில.

மூட்டைகளத் தள்ளி எடம் பண்ணிப் படுக்க வச்சுக் கொண்டுபோயி ஆஸ்பத்திரியில சேத்தேன். நான்தான் சேத்தேன். அத யாரும் சொல்ல மாட்டாங்க. முன் பாதம் நசுங்கிருச்சு, வெரல எடுக்கணும்னாங்க. எடுத்துட்டாங்க.

அவரு உள்ள கெடக்குறப்ப, நான் வண்டிய இன்னாசிகிட்டக் கொண்டுபோனேன். வத்தலக்குண்டுல பழைய பெட்ரோல் வண்டி பாக்குற மெக்கானிக்கு. ஊருக்குள்ள ஆளாளுக்கு வீரணன் ஓட்டை வண்டியக் குடுத்து மாப்பிள்ளை கால ஒடச்சுட்டான்னு பேசுறாய்ங்க. அதனால, "வண்டியில குத்தம் இல்ல, ஓட்டுறதுலதான் குத்தம்னு ஒரு வார்த்தை சொல்லு இன்னாசி"ன்னேன்.

அவன் பானட்டத் தொறந்து சும்மா ஒரு பார்வை பாத்தான். "சோக்குக் கம்பி பாதியில மாட்டிக்கிட்டு நிக்கிது. பெட்ரோலக் குடிக்குமே?"ன்னான்.

"குடிக்கிறது இருக்கட்டும், நிக்கிதா நிக்கலையா? அதப் பாரு."

"அப்ப நீங்களே ஓட்டுங்கண்ணே, நான் பக்கத்துல வர்றேன். நடுவுல எறங்க வேணாம். எதையும் தொறக்க வேணாம்"னான்.

நான் ஓட்டுனேன். பின்னாடி அந்த உர மூட்டை லோடு அப்படியே இருக்கு. அடிவாரம் தாண்டி, மொத வளைவு தாண்டி, ரெண்டாவது தாண்டி நல்லாத்தான் ஏறுச்சு. "பாத்தியா?"ன்னேன். அவன் வெளிய வேடிக்கை பாத்துக்கிட்டு வந்தான். மூணாவது வளைவுல ஏறுறப்ப ஒரு இருமல். ஒரு குலுக்கு. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், இழுக்கலை. என் கையில நின்னுருச்சு தம்பி. அதே டீக்கடைக்கு எதுக்க.

இன்னாசி எறங்கி டயருக்குக் கல்லு வச்சான். வந்து கைய நீட்டுனான். "சாவி"ன்னான். குடுத்தேன். மூடிக்கிட்ட என்னக் கூட்டிக்கிட்டுப் போயி, "காத வச்சுக் கேளுங்க"ன்னுட்டுத் திருகுனான். புஸ்ஸுன்னு உள்ள இழுத்துச்சு.

"பெட்ரோல் வெளிய போகணும்னா அந்த எடத்துக்குக் காத்து உள்ள போகணும்ணே. பழைய மூடியில அதுக்கு ஒரு ஓட்டை இருக்கும். இதுல இல்ல. பத்தாததுக்கு வாசர் வேற போட்டு அடச்சு வச்சிருக்கீங்க. போகப் போக டேங்கு உள்ள இழுத்துப் பிடிச்சுக்கிரும். எந்தப் பம்பு போட்டாலும் உறிஞ்ச முடியாது. தொறந்தா ஓடும். இல்லைன்னா ஆற விட்டா, தானா எங்கயாச்சும் காத்து கசிஞ்சு உள்ள போயி ஓடும்." அப்படின்னான். "யாரு போட்டது இந்த மூடிய?"

அன்னிக்கு வெயிலும் ஜாஸ்தி தம்பி. லோடும் கூட. சரி, அவன் சொல்றது சரின்னே வச்சுக்கிருவோம். மூடியில ஓட்டை இருக்கணும்னு விக்கிற கடைக்காரன் சொல்ல வேணாமா? பம்பு மாத்துன மெக்கானிக்கு சொல்ல வேணாமா? நான் என் பொருளுக்குப் பூட்டுப் போட்டேன். பூட்டுப் போடுறது ஒரு குத்தமா?

இன்னாசி மூடியில ஊசித் தொளை ஒன்னு போட்டான். சோக்குக் கம்பிய இழுத்து விட்டான். அன்னையிலருந்து வண்டி நிக்கலை. அதான் ஒங்ககிட்ட அடிச்சுச் சொல்றேன்.

ஆனா அவன் அதோட விட்டானா? நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி தவசியப் பாத்து, பஞ்சவர்ணத்தப் பாத்து, எல்லாத்தையும் சொல்லிட்டான். எதுக்குங்க? மெக்கானிக்குன்னா வண்டியப் பாத்துட்டுப் போக வேண்டியதுதான? குடும்பத்துக்குள்ள வந்து எதுக்குப் பேசணும்?

நான் போனப்ப அவ வராந்தாவுல நின்னா.

"அண்ணே, மூடியத் தொறந்துருந்தா வண்டி அப்பவே கெளம்பிருக்குமாமே. நெசமா?"

"மெக்கானிக்குக ஆயிரம் சொல்லுவாய்ங்க."

"அவரு ஒன்கிட்ட சாவி கேட்டாராண்ணே?"

"கேட்டாரு. எதுக்குன்னு சொல்லலையே."

"நான் அன்னிக்கு அந்த வண்டியில எதுக்குப் போனேன் தெரியுமாண்ணே? அந்த மரகதத்தப் பாக்கத்தான் போனேன். நான் ஏறலைன்னா அவரு வழக்கம்போலப் பாறையில சாச்சு நிப்பாட்டிருப்பாரு. என் காலுதாண்ணே பிரேக்குல இருந்துச்சு."

"அதுக்கு என்னத்தா பண்றது, ஒனக்கு ஓட்டத் தெரியாது"ன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். அவ உள்ள போயிட்டா.

அதுக்குப் பெறகு அவங்க மேல வரலை. சாமானக் கூட வந்து எடுக்கலை. ஆள அனுப்பி எடுத்துக்கிட்டாங்க. இன்னாசி தன்னோட பட்டறையிலயே தவசிக்கு ஒக்காந்து பாக்குற வேலையாக் குடுத்தான். கார்ப்பரேட்டரக் கழட்டிச் சுத்தம் பண்ணிச் சேக்குறது. பக்கத்துலயே வீடும் பாத்துக் குடுத்தான். அவனுக்கு என்ன அக்கறைன்னு எனக்கு இன்னிக்கும் வெளங்கலை. ஆதாயம் இல்லாம ஒருத்தன் செய்வானா?

நானும் வேற டிரைவரப் போட்டுப் பாத்தேன். ஒருத்தனும் நெலைக்கலை. அம்புட்டுப் பேருக்கும் என் மேல வயித்தெரிச்சல். அதான் வண்டியக் குடுத்துருவோம்னு முடிவு பண்ணேன்.

அந்த வருசம் தை பொறந்து, கவியரசனுக்குக் காது குத்துன்னு காதுல விழுந்துச்சு. அடிவாரத்துல இருக்கே அவங்க குலசாமி கோயில், அங்க. எனக்குச் சேதி இல்ல. கூடப் பொறந்தவன், தாய்மாமன், எனக்குச் சேதி இல்ல! தாய்மாமன் மடி இல்லாம எப்படிங்க காது குத்துவாங்க? மறந்துருப்பா, இல்ல கூச்சப்பட்டிருப்பா, நாமளே போவோம்னு நான்தான் எறங்கிப் போனேன். பிள்ளைக்குத் தங்கத்துல கடுக்கன். பட்டுச் சட்டை. ஆட்டுக்கிடா ஒன்னு. தட்டு தட்டாப் பழம். எல்லாத்தையும் இந்த வண்டியிலதான் ஏத்திக்கிட்டு என் வீட்டுக்காரியோட போனேன்.

நாங்க போறப்ப ஆசாரி ஊசியக் கையில எடுத்துட்டாரு. பிள்ளை மொட்டைத் தலையோட இன்னாசி மடியில ஒக்காந்துருக்கான். வேற சாமி கும்புடுறவன் தம்பி, அவன் மடியில! பிள்ளை வீல்னு கத்துனான். இன்னாசி காதுல ஊதி ஊதி விட்டான். எம் பிள்ளை அவன் சட்டையப் பிடிச்சுக்கிட்டு அழுகுறான்.

தட்ட வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். தவசிதான் மொதல்ல என்னப் பாத்தாரு. கம்பு ஊனி மெதுவா வந்தாரு. "வாங்க மச்சான். வாங்கக்கா"ன்னாரு. அவரு கேட்ட அடுத்த கேள்விய மட்டும் நான் மறக்க மாட்டேன். "வண்டி இப்ப ஏத்தத்துல நல்லா இழுக்குதா மச்சான்?"

அத்தனை பேரு முன்னாடி குத்திக் காட்டுறாரு பாத்தீங்களா? என் வீட்டுக்காரி சொன்னா, அவரு நெசமாத்தான் கேட்டாருன்னு. அவளுக்கு என்ன தெரியும்?

நான் பஞ்சவர்ணத்தத் தேடிப் போனேன். பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்தா. நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்னுதான் போனேன். தாய்மாமன் உசுரோட இருக்கப்ப இதென்ன மொறை, நீ யாரு வளத்த பிள்ளைன்னு. வழியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். அவ திட்டுவா, அழுவா, சண்டை போடுவா, நானும் விட்டுக்குடுத்துப் போயிரலாம்னுதான் இருந்தேன். ஆயிரந்தான் இருந்தாலும் அவ சின்னவ.

அவ என்னப் பாத்தா. மொகத்துல கோவமும் இல்ல, ஒன்னும் இல்ல. எலையக் காட்டுனா. "வாங்க. ஒக்காருங்க. சாப்ட்டுப் போகலாம்."

பால் பல்லு மொளைச்ச நாள்லருந்து என்ன நீ, வா, போன்னு பேசுன பிள்ளை.

நான் ஒக்காந்தேன். பக்கத்துல யாரோ நெலக்கோட்டைக்காரரு. அவருக்குச் சோறு வச்சா, எனக்கும் வச்சா. அவருக்குக் கறி வச்சா, எனக்கும் வச்சா. கூடவும் இல்ல, கொறவும் இல்ல. கொழம்ப ஊத்திட்டு, கரண்டியப் பிடிச்ச கையோட நின்னு என்ன ஒரு தரம் பாத்தா.

"போதுமாங்க?"ன்னா.

எலைக்கு மேல கையக் காட்டுனேன் தம்பி. "போதும்"னேன்.